கழற்றிப் பூட்டும் பம்பி: மதுவத்தோடு எங்கள் அனுபவங்கள்

கொக்குவிலில் இருந்து:

உயர்தர வகுப்பில் பேக்கரி மதுவத்தைத் தண்ணீரில் கரைத்து, பிஎச் மீட்டரை விட்டு, கொஞ்சம் குளுக்கோசு போட்டுக் காட்டுவேன். சில நிமிடங்களில் பிஎச் இறங்கும். பெரும்பங்கு வேலை கலமென்சவ்வில் உள்ள பிஎம்ஏ1 பம்பியுடையது. கலத்தின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துப் புரோத்தனை (ஐதரசன் அயனை) வெளியே தள்ளும். "சேர், குளுக்கோசு முடிந்தால் அது கழன்றுவிடுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். இல்லை. ஆறு பிரதிகள் வளையமாகச் சேர்ந்தே நிற்கும், வால்முனை மடங்கி வேலையை அடக்கிவிடும். ஆனால் புன்வெற்றிடத்தின் (கலத்துக்குள் இருக்கும் பையின்) சவ்வில் உள்ள புரோத்தன் பம்பி உண்மையாகவே கழலும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரே பார்த்தவர்கள் யாரும் உண்டா?

திருநெல்வேலியில் இருந்து:

நான் பார்த்திருக்கிறேன், வெளிநாட்டில் படித்த காலத்தில். அந்தப் பம்பியின் சி (பெரிய எழுத்து C) என்ற உப அலகில், அதாவது அதன் புரதப் பாகங்களில் ஒன்றில், பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டியிருந்தோம். குளுக்கோசு இருக்கும்வரை புன்வெற்றிடத்தைச் சுற்றிப் பச்சை வளையம். குளுக்கோசைக் கழுவி எடுத்ததும் வளையம் மங்கி, கலம் முழுக்கப் பச்சை பரவியது. திரும்பக் குளுக்கோசு விட்டதும் வளையம் வந்துவிட்டது. புதுப் புரதம் எதுவும் செய்யத் தேவையில்லை, பழைய பாகங்களே மீண்டும் பூட்டுப்படும். உயிரிரசாயனவியலாளர் பற்றிசியா கேன் இதை மதுவத்தில் 1995இல் காட்டினார். அதே ஆண்டில் புகையிலைப் புழுவின் குடலிலும் இதே சங்கதி வெளிவந்தது. புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையான எனக்கு அதில் தனிச் சந்தோஷம்!

இறைப்பு மெஷினை நினைத்துப் பாருங்கள். ஏடிபியை உடைக்கும் வி1 பகுதி எஞ்சின், சவ்வில் சுழலும் விஓ பகுதி பம்பி. கழற்றிய பிறகு எஞ்சின் சும்மா ஓடினால் எண்ணெய் வீண், பம்பி வழியே தண்ணீர் திரும்பி ஓடினால் இறைத்ததும் வீண். மதுவம் இரண்டையும் அடைத்துவிடுகிறது. தனித்து நிற்கும் வி1 ஏடிபியை உடைக்காமல் தடுப்பது எச் உப அலகு. இனித்தான் வேடிக்கை: அதே எச் இல்லாத விகாரியில் (மரபணு மாறிய மதுவத்தில்) பம்பி முழுதாகப் பூட்டுப்படும், ஆனால் ஓடாது. ஆக, பூட்டுப்பட்டு நிற்கிறது என்பதால் மட்டும் வேலை செய்கிறது என்று எழுதிவிடக் கூடாது. ஆய்வுக் கட்டுரை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது, ஓடுகிறதா என்றும் அளந்து பார்த்தார்களா என்பதைத்தான்.

நல்லூரில் இருந்து:

இந்தப் புன்வெற்றிடப் பம்பி பழுதான விகாரிகளை நானும் வளர்த்திருக்கிறேன். பிஎச் 5.5 ஏகாரில் நன்றாக வளரும். 7.5க்கு ஏற்றி, கல்சியமும் கூட்டினால் ஒன்றும் முளைக்காது. ஏறக்குறைய எந்த உப அலகை எடுத்தாலும் இதே கதை. விஓ பகுதியில் உள்ள ஏ (சிறிய எழுத்து a) மட்டும் வேறு, அதில் இரண்டு வகை இருப்பதால் ஒன்று போனால் மற்றது ஓரளவு தாங்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரே போதுமே என்று கூட வேலை செய்தவர் பகிடி விட்டார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் தண்ணீர் எவ்வளவு கடினமானாலும், அந்த ஏகாரில் நாங்கள் போடும் கல்சியத்துக்குக் கிட்டவும் வராது.