முதல் ட்ராக் டே: ஏற்காடு மலைப்பாதைப் பழக்கம் கரி ஸ்பீட்வேயில் கைகொடுக்குமா?

கோரிமேடு_ஸ்விஃப்ட்:
வணக்கம் மக்களே. அடுத்த மாசம் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ட்ராக் டேக்கு (நம்ம வண்டியையே ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பார்க்கிற நாள்) பேர் கொடுத்திருக்கேன். வண்டி ஸ்விஃப்ட் பெட்ரோல், மேனுவல், கம்பெனி டயர், எதுவும் மாத்தல. ட்ராக்ல ஓட்டினது கிடையாது. ஆனா ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவும் தண்ணி பட்ட பாடு. அந்தப் பழக்கம் அங்க உதவுமா? ரேசிங் லைன்னா என்னன்னு புரியுது, எங்க திருப்ப ஆரம்பிக்கணும்னுதான் பிடிபடல. பிரேக், டயர்ல என்ன பார்க்கணும்?

லேட்_அபெக்ஸ்:
பாதி உதவும், பாதி கெடுக்கும். கெடுக்கிறதை முதல்ல சொல்லிடறேன்.

மலைப்பாதைல உங்களுக்குக் கிடைக்கிறது உங்க பக்கத்துப் பாதி ரோடு மட்டும். எதிர்ல பஸ் வரும்னு இடது வளைவுல உள் ஓரத்தை ஒட்டியே போய்க் கை பழகியிருக்கும். வளைவு கண்ணுல பட்டதுமே ஸ்டியரிங் திரும்பிடும். ரோட்டுல அதுதான் சரி. ட்ராக்ல அதே கை உங்களை மண்ணுல இறக்கிடும்.

ட்ராக்ல முழு அகலமும் உங்களுது. வெளி ஓரத்துல ஆரம்பிச்சு, உள் ஓரத்தை ஒரு இடத்துல தொட்டு, திரும்ப வெளி ஓரத்துக்கு விடணும். தொடுற இடம்தான் அபெக்ஸ். எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னா, டயர் தாங்குற வேகம் வளைவோட ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். காய்ஞ்ச தார்ல உராய்வு 0.9னு வைங்க. 10 மீட்டர் ஆரத்துல போனா மணிக்குச் சுமார் 34 கி.மீ. வரைக்கும்தான் பிடிப்பு. அகலத்தைப் பயன்படுத்தி அதை 20 மீட்டர் ஆக்கினா 48. வண்டியும் அதேதான், டயரும் அதேதான்.

அபெக்ஸை வளைவோட நட்டநடுவுல வைக்காதீங்க. மூணுல ரெண்டு பங்கு தாண்டி வைங்க. அப்படின்னா "இப்பவே திருப்பணும்"னு மனசு சொல்ற இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நேரா போகணும். முதல்ல சங்கடமாத்தான் இருக்கும். சீக்கிரம் திருப்பினா அபெக்ஸ் வரைக்கும் எல்லாம் சுகமா இருக்கும். வெளிய வரும்போதுதான் ரோடு தீர்ந்துபோகும்.

சரியா வந்துச்சான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம். அபெக்ஸ் தாண்டின பிறகும் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்க வேண்டியிருந்தாலோ, கொடுத்த ஆக்ஸிலேட்டரைத் திரும்ப விட வேண்டியிருந்தாலோ சீக்கிரம் திருப்பிட்டீங்கன்னு அர்த்தம். வெளி ஓரத்துல ஒரு கார் அகலம் மிச்சம் இருந்தா, ரொம்ப மெதுவா வந்திருக்கீங்க, இல்ல ரொம்ப லேட்டா திருப்பியிருக்கீங்க. லேட்டா திருப்பினா நேரம்தான் போகும், சீக்கிரம் திருப்பினா பம்பர் போகும்.

பிரேக்கை முதல் நாள் நேர்கோட்டுலயே முடிச்சிடுங்க. முதல் மிதி அழுத்தமா இருக்கட்டும், வேகம் குறையக் குறையக் காலை மெல்ல எடுங்க. நம்மாளுங்க பெரும்பாலும் தலைகீழா, மெதுவா மிதிச்சுக் கடைசில அழுத்துவாங்க. காலைப் பட்டுன்னு எடுத்தா முன் சக்கரத்து மேல இருந்த பாரம் பின்னாடி போயிடும், ஸ்டியரிங் திருப்பினாலும் மூக்கு நேராவே போகும். அப்போ இன்னும் ஒடிக்கிறது வீண். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் குறைச்சு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்க, பிடிப்பு தானா வரும். வளைவு நடுவுல ஆக்ஸிலேட்டரை மொத்தமா விட்டா ஸ்விஃப்ட் மாதிரி லேசான வண்டியோட பின்பக்கம் சுத்தும். ஈஎஸ்பி (வண்டி சறுக்கினா தானா சரிபண்ற வசதி) இருந்தா அணைக்காதீங்க.

எல்லா வளைவும் ஒரே மதிப்பு கிடையாது. நீளமான நேர்பாதைக்கு முன்னாடி இருக்கிற வளைவுலதான் லாபம். கரி 2.1 கி.மீ. ட்ராக், ஒரு வளைவு முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது வரும். ஒட்டி ஒட்டி வர்ற வளைவுல முதலாவதை விட்டுக்கொடுத்து, அடுத்ததுக்கு வெளி ஓரத்துல போய் நில்லுங்க.

ஐந்துரோடு_கேரேஜ்:
லைன் பத்தி மேல இருக்கிறவர் சொல்லிட்டாரு. வண்டிக்கு வர்றேன். ட்ராக்ல முதல்ல கைவிடறது இஞ்சினும் இல்ல டயரும் இல்ல, பிரேக் ஆயில்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 (டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தரக் குறியீடு) குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிட்டா அது 155க்கு இறங்கிடும். டாட் 3ன்னா 205, ஈரமானா 140. ரெண்டு வருஷம் மாத்தாத ஆயிலோட போகாதீங்க. சீல் உடைக்காத டாட் 4 வாங்கி, நாலு சக்கரத்துலயும் பழசு முழுக்க வெளிய வர்ற வரைக்கும் ப்ளீட் பண்ணச் சொல்லுங்க. டப்பா மேல டாட் 5ன்னு இருந்தா வேண்டாம், அது சிலிகான். 5.1 வேற, அது சேரும்.

பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னா பிரேக் பேட் சூடேறிடுச்சு. பெடல் பஞ்சா உள்ள போனா ஆயில் கொதிச்சுக் குழாய்ல ஆவி நிக்குது, உடனே நாலஞ்சு தடவை வேகமா பம்ப் பண்ணி, கியர் இறக்கி, பிட்டுக்கு (ட்ராக் ஓரத்துல வண்டி நிறுத்துற இடம்) வந்திடுங்க. முன் பேட் 5 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா மாத்துங்க. புதுசு போட்டா ஆளில்லாத நேர் ரோட்டுல 60ல இருந்து 10 வரைக்கும் எட்டு, பத்து தடவை, நிறுத்தாம குறைச்சுப் பதப்படுத்தணும்.

ஒவ்வொரு செஷனும் முடிஞ்சதும் பிரேக் தொடாம ஒரு ரவுண்டு மெதுவா ஓட்டி ஆற விடுங்க. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீங்க. சூட்டுல விரிஞ்ச பின் ட்ரம் ஆறும்போது சுருங்கி ஷூவைக் கவ்விக்கும். கியர்ல போட்டுச் சக்கரத்துக்குக் கல்லு வைங்க போதும்.

இஞ்சின் ஆயில் மேல் கோடு வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். பெட்ரோல் அரை டேங்க். ரொம்பக் குறைஞ்சா நீள வளைவுல பம்ப் காத்தை இழுக்கும். டிரைவர் பக்க மேட், டிக்கில இருக்கிற ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் இறக்கி வெச்சிடுங்க. வீல் நட்டை மேனுவல்ல போட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சுல இறுக்கி, முதல் செஷனுக்கு அப்புறம் மறுபடி பாருங்க.

மேட்டூர்_டீசல்:
டயர்ல 40 பிஎஸ்ஐ ஏத்திட்டுப் போங்க ப்ரோ, சைடு மடங்காது.

ஐந்துரோடு_கேரேஜ்:
40 குளிர்ந்த டயர்லயா? நாலு ரவுண்டுல 45ஐத் தாண்டும், டயர் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவைக் காலைல வைங்க. டயரோட தோள்பட்டைல, அதாவது தரை படுற பகுதியும் பக்கவாட்டும் சேர்ற விளிம்புல, சாக்பீஸ் தேய்ச்சுட்டு ஓட்டுங்க. பக்கவாட்டுல இருக்கிற சின்ன முக்கோணக் குறியைத் தாண்டி அழிஞ்சிருந்தா 2 பிஎஸ்ஐ ஏத்துங்க. தோள்லயே அழியாம இருந்தா கொஞ்சம் இறக்குங்க. முன் டயர் சூட்டுல 36 பக்கம் நின்னா போதும். காத்து இறக்கியிருந்தா, ஆறின பிறகு பழைய அளவுக்கு ஏத்தாம சேலத்துக்குக் கிளம்பாதீங்க.

கோரிமேடு_ஸ்விஃப்ட்:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். அதுக்குள்ள ராத்திரி ஆளில்லாத நேரம் ஏற்காடு ரோட்டுல லைன் பழகலாமா?

லேட்_அபெக்ஸ்:
கூடவே கூடாதுங்க. லைன்னாலே எதிர்ப் பக்கத்துக்குப் போறதுதான். அங்க வளைவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. சாதாரண வேகத்துல, உங்க பக்கத்துலயே பழகக்கூடியது மூணு இருக்கு. முதல்ல கண்: பானெட்டைப் பார்க்காம, திருப்பறதுக்கு முன்னாடியே வளைவோட உள் ஓரத்தையும், அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே வெளிய போற இடத்தையும் பார்க்கணும். அப்புறம் உட்காருற விதம்: தோள் சீட்டுல ஒட்டியிருக்க, கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டியரிங் உச்சியில படணும், கிளட்சை முழுக்க மிதிச்சாலும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கணும். கடைசியா, இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்கி, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கிறது. பக்கத்துல ஒரு தண்ணி பாட்டில் நிறுத்தி வைங்க, விழாம அடிவாரம் வந்தா கால் பதமாயிடுச்சு.

அடிவாரம்_77:
இதையும் சேர்த்துக்குங்க. மஞ்சள் கொடின்னா வேகம் குறைக்கணும், முந்தக் கூடாது. சிவப்புன்னா செஷன் நின்னுடுச்சு, மெதுவா பிட்டுக்கு வரணும். நீலம்னா பின்னாடி வேகமான வண்டி. நேர்பாதைல கை காட்டி விட்டுடுங்க, ஆனா லைனைத் திடீர்னு மாத்தாதீங்க. ரெண்டு சக்கரம் மண்ணுல இறங்கினா ஸ்டியரிங்கை வெடுக்குன்னு திருப்பாதீங்க. நேரா விட்டு வேகம் குறைஞ்ச பிறகு, கண்ணாடி பார்த்து ஏறுங்க.

அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்பு" பகுதியைப் படிங்க. ரேஸ், வேகச் சோதனைக்கெல்லாம் கிளெய்ம் கிடையாதுன்னு அதுல இருக்கும். தடுப்புல உரசினா செலவு உங்க கைக்காசுதான், அதை மனசுல வெச்சே பிரேக் பாயிண்ட்டை (பிரேக் மிதிக்க ஆரம்பிக்கிற இடம்) வளைவு பக்கம் தள்ளுங்க, ரவுண்டுக்கு அஞ்சு மீட்டருக்கு மேல வேண்டாம்.