சாப்புக் கடையில் (ஊர்ச் சில்லறைக் கடையில்) நடந்த, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று: எழுதுங்கள்

கல்லடிக்காரன்:
மட்டக்களப்பை அடித்த 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. வீட்டில் நெருப்புப்பெட்டி நனைந்து கூழாகிவிட்டது. அம்மா சந்திச் சாப்புக்கு அனுப்பினா. கடைக்குக் கூரை இல்லை. காக்கா (கடைக்கார முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சாக்கை விரித்து, நனைந்த நெருப்புப்பெட்டிகளை வெயிலில் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். "பொறு மகன்" என்று ஒரு பெட்டியை எடுத்துக் குச்சியை உரசினார். மருந்து உதிர்ந்தது, பற்றவில்லை. அதைத் திரும்ப வெயிலில் வைத்தார். அடுத்ததும் அப்படியே. பிறகு ஒரு பெட்டியில் குச்சி சீறிக்கொண்டு பற்றியது. அந்தச் சுடரை என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் பெட்டியைக் கையில் தந்தார். விலை அதே பழைய விலை. அன்றைக்கு எதை நீட்டியிருந்தாலும் சனம் வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

1990 தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அந்தக் கடை திறக்கவேயில்லை. காக்கா காத்தான்குடிப் பக்கம் போனாரா, வேறெங்கும் போனாரா, தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

படுவான்கரை மகள்:
எங்கள் கடை கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது, அதுவரை சாமான் துறையால் வாவியைக் கடந்து வர வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிவர வேண்டும். சண்டைக் காலத்தில் சாமான் கொண்டுவருவது என்ன பாடு என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கடைக்காரி எங்களுக்கு மாமி முறை. எழுத்துத் தெரியாது, கடன் கொப்பியில் படம்தான் போடுவா. லாம்பு கீறினால் மண்ணெண்ணெய், கட்டம் போட்டால் சவுக்காரம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. அப்பாவுக்கு மாட்டுப்பட்டி இருந்ததால் எங்கள் பக்கத்தின் தலையில் ஒரு மாட்டுத்தலை, இரண்டு கொம்போடு.

அப்பா செத்து எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் மாமி கொப்பியோடு வந்தா. கடன் கேட்கத்தான் வந்திருக்கிறா என்று அம்மா சீலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்க்கத் தொடங்கினா. மாமி அந்தப் பக்கத்தைத் திறந்து, மாட்டுத்தலையில் விரலை வைத்து, "இதை நான் அழிக்க மாட்டன் கா. இனி இது உன்ட பேரில கிடக்கட்டும்" என்றா. அவ்வளவுதான், எழும்பிப் போய்விட்டா. அடுத்த நாள் நான் போய் மண்ணெண்ணெய் வாங்கினேன், அந்த மாட்டுத்தலைக்குக் கீழேயே இன்னொரு லாம்பு கீறினா.

கல்முனைப் பழசு:
மேலே இரண்டு பேரும் எழுதியது உண்மையாக இருக்கலாம். ஆனால் எல்லாச் சாப்பும் அப்படி இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கடை இருந்தது, பெயர் வேண்டாம். சீனியைத் தடித்த பழுப்புக் கடதாசிப் பையில் போட்டுப் பையோடு நிறுப்பார்கள். பையின் பாரமும் சீனி விலைக்குப் போகும். எங்கள் அம்மம்மா ஒருநாள் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு நிதானமாக, "தம்பி, அதே மாதிரி வெறும் பை ஒன்றைப் படிக்கல்லுப் பக்கமும் வையுங்கோ" என்றா. கடையில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். அவர் ஒரு பையை எடுத்து மற்றத் தட்டில் வைத்தார், சீனித் தட்டு மேலே எழும்பியது. இன்னும் அரைக் கரண்டி சீனி விழுந்தது. அடுத்து நின்ற மனுசியும், "எனக்கும் பை வையுங்கோ" என்றா.

சொல்ல வந்தது இதுதான். இல்லாதவனுக்குச் சின்னச் சின்னதாய் விற்பதில்தான் இலாபம் அதிகம். முழுச் சவுக்காரத்தின் விலையையும், வெட்டி விற்ற துண்டுகளின் விலையையும் கூட்டிப் பாருங்கள். அந்த நாளில் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) பங்கீட்டுக் கூப்பனுக்கு வரிசையில் நின்றாலும் விலை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது.

படுவான்கரை மகள்:
அண்ணன், அளவில் கள்ளம் செய்தால் கள்ளம்தான், அம்மம்மா கேட்டது சரி. ஆனால் துண்டு சவுக்காரத்தை அதோடு சேர்க்காதீங்கோ. வயலில் கூலி வேலை செய்தவர்களுக்குக் காசு பின்னேரம்தான் கையில் வரும், அதுவும் அன்றைய அரிசிக்குத்தான் காணும். முழுச் சவுக்காரம் மலிவு என்று அவர்களுக்கும் தெரியும். வாங்கக் காசு வேண்டுமே. சங்கக்கடையில் கடனும் கிடையாது.

அக்கரைப்பற்றாள், லண்டன்:
இங்கே வுல்வொர்த்ஸ் கடைகளை மூடினபோது போனேன். 2009 ஜனவரி, கடைசி நாட்கள். சாமான் முடிந்து தட்டுகளையும் கொக்கிகளையும் விலைச்சீட்டு ஒட்டி விற்றார்கள். 1879இல் அமெரிக்காவில் ஐந்து சதச் சாமான் கடையாகத் தொடங்கியது அது. பிரித்தானியாவுக்கு 1909இல் லிவர்பூலில் வந்தது, ஆறு பென்சுக்கு மேல் எதுவும் இல்லை என்பதுதான் அவர்களின் பேச்சு. சாமானைப் பரப்பி வைத்து, ஆரையும் கேட்காமல் எடுத்துப் பார்க்க விட்டதால்தான் சனம் குவிந்தது.

வெறும் தட்டுகளைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சாப்பின் கண்ணாடி அலுமாரிதான் ஞாபகம் வந்தது. அங்கே எதையும் தொட முடியாது. விரலைக் கண்ணாடியில் வைத்து "அந்தச் சிவப்பு றிபன்" என்று காட்ட வேண்டும். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்) றிபன் சில்லை உருட்டி, மேசை ஓரத்தில் அடித்திருந்த இரண்டு பித்தளை ஆணிகளுக்கு நடுவே இழுத்துப் பிடிப்பார். அதுதான் ஒரு யார் (கெஜம்). வெட்டுவதற்கு முன் ஆணியைத் தாண்டி நாலு விரல் விட்டுத்தான் கத்தரிக்கோலை வைப்பார். "பொம்பிளைப் பிள்ளை, பின்னல் நீளும்" என்பார். தொட்டுப் பார்க்கிற கடையில் அந்த நாலு விரலை யாரும் எனக்குத் தந்ததில்லை.

வாழைச்சேனை வாத்தியார்:
என்னுடையது சின்னது. 2022இல் பால்மாத் தட்டுப்பாடு. எங்கள் ஒழுங்கைக் கடைக்கு ஒருநாள் கொஞ்சம் பக்கெட் வந்தது. கடைக்காரர் வரிசையைப் பார்க்கவில்லை, கடன் கொப்பியைப் புரட்டிக் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முதலில் ஆள் அனுப்பினார். வரிசையில் நின்ற எனக்குக் கிடைக்கவில்லை. அவர் செய்தது சரி.

படுவான்கரைத் தங்கச்சி, அந்தப் படக் கொப்பி இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து கவனம். நம்மூர் மாரிக்கும் வெள்ளத்துக்கும் நிலத்தில் வைத்த பெட்டி தப்பாது, உயரத்தில் வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய துணியில் சுற்றுவது நல்லது. சுவரோடு ஒட்டி வைத்தால் கறையான். நடுவில் உள்ள கம்பி துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றிவிட்டு வெள்ளை நூல் போட்டுக் கட்டுங்கள், துரு தாளைத் தின்னும். கடும் வெயிலில் காயப்போட வேண்டாம், மை மங்கிவிடும். யன்னலடியில் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுங்கள். மாமி இருக்கிறா என்றால் பக்கத்தில் இருத்தி, எந்தக் குறி எந்த வீடு, எந்தப் படம் என்ன சாமான் என்று கேட்டு வேறு கொப்பியில் எழுதுங்கள், அவவை விட்டால் வாசிக்க ஆளில்லை. இங்கே போடுவதானால் மாட்டுத்தலைப் பக்கத்தை மட்டும் போடுங்கள். மற்ற வீட்டுக் கடனை ஊருக்குக் காட்டக்கூடாது.