தேங்காய்ப்பால் ஒயிட் சாஸ் திரியாமல் இருக்க வழி சொல்லுங்க

வணக்கம் தோழிகளே. பெரம்பூரில் ஆறு பேர் உள்ள வீடு எங்களுடையது. மாமியாருக்கு சீஸ் வாசனையே ஆகாது. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பாஸ்தா வேணும். அதனால் வீட்டில் இருப்பதை வைத்து இரண்டு ருசியும் சேர்த்தே சமைக்கிறேன்.

பர்மா பஜார் பக்கம் கிடைக்கிற அத்தோ தெரியுமில்லையா, 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ்? அதே மாதிரி ஸ்பகெட்டியை வேகவைத்து, புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, வறுத்த வெங்காயம், முட்டைக்கோஸ், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்தேன். மாமியார் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல் ஒயிட் சாஸில்தான். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், மைதாவுக்குப் பதில் அரிசி மாவு. தக்காளித் தொக்கைச் சேர்த்ததும் திரிந்துவிடுகிறது. தேங்காய்ப்பாலைத் தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது, புளிப்பு பட்டால் பிரியும் என்று தெரியும். அடுப்பை சிம்மில் வைத்தும் போன வாரம் இரண்டு தேங்காய் வீண்.

தொக்கை ஆறவைத்துச் சேர்க்கணுமா? முந்திரி அரைத்து விட்டால் நிற்குமா? முதல் பால் மட்டும் எடுக்கணுமா? செய்து பார்த்தவங்க அளவோடு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வர்றாங்க.