மறு: எக்ஸ்போஷர் – "ஒளியேற்பு" சரியா?

வணக்கம் ஐயா,

சிலைகளைப் புகைப்படம் எடுப்பது பற்றித் தமிழில் எழுத, எக்ஸ்போஷர் (படம் எடுக்கையில் கேமரா வாங்கிக்கொள்ளும் ஒளியின் அளவு) என்பதற்கு "ஒளியேற்பு" என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அது பற்றிய உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> எக்ஸ்போஷருக்கு "வெளிப்பாடு" என்றே பலரும் எழுதுகிறார்கள். புதுச்சொல் எதற்கு?

மற்ற படங்களில் சமாளித்துவிடலாம், சிலைகளைப் பற்றி எழுதும்போதுதான் இடிக்கிறது. "இந்தச் சிலையில் வெளிப்பாடு போதவில்லை" என்றால், முகத்தில் உணர்ச்சி இல்லை என்று சிற்பியைக் குறை சொல்வதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தவிர, வெளிப்படுவது உள்ளிருந்து வெளியே வருவது. இங்கே நடப்பதோ கேமராவின் சென்சார் ஒளியை வாங்கிக்கொள்வது. இருக்கும் வெளிச்சத்தில் லென்ஸின் துளை எவ்வளவு பெரிது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. (ஐஎஸ்ஓ என்ற கேமரா அமைப்பு இதில் சேராது. அது வாங்கிய ஒளியைப் பெருக்கிக் காட்டுவது.) ஆகவே ஒளியேற்பு. குறையேற்பு (அண்டர் எக்ஸ்போஷர்), மிகையேற்பு (ஓவர் எக்ஸ்போஷர்) என்று நீட்டவும் வருகிறது.

> அண்டர் எக்ஸ்போஸ் ஆனதையும் டார்க் எடிட்டையும் "இருண்ட படம்" என்றே சொல்லிவிடலாமே?

இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கருத்த வெண்கலச் சிலை, பின்னால் மேகம் மூடிய வெளுத்த வானம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் சாம்பல் என்று வழக்கமாகச் சொல்வது அதைத்தான். சட்டகத்தில் வானமே மிகுதி என்றால் வானம் சாம்பலாகும், சிலை கரிக்கட்டையாகும். இது குறையேற்பு, யாரும் விரும்பிச் செய்ததல்ல. பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தால் உடை மடிப்புகளில் புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் எழும். 14 பிட் ரா கோப்பின் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) 16,384 ஒளிப் படிகளில் பாதி, அதாவது 8,192, உச்சியில் உள்ள ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடுகிறது (ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வோர் அளவும் ஒரு ஸ்டாப்). அடுத்ததற்கு 4,096. நிழலுக்கு வந்து சேரும் ஒளியும் கொஞ்சம், படிகளும் கொஞ்சம்.

அதே சிலையை, வானம் வெளிறாத எல்லைவரை ஒளியேற்பைக் கூட்டி எடுத்துவிட்டு, பிறகு கணினியில் கர்வை (வெளிச்ச அளவுகளை மாற்றும் வளைகோட்டை) கீழே இழுத்து, பின்புலத்தை அமிழ்த்தி, கன்ன விளிம்பின் ஒளியை மட்டும் விட்டுவைத்தால் அது ஒருவருடைய தீர்மானம். இதற்கு "இருளூட்டல்" என்பது என் பரிந்துரை. வண்ணமூட்டல் என்பதில் போலவே இதிலும் செய்பவரின் கை தெரிகிறது. எங்கே நிறுத்துவது என்பதும் அந்தக் கையின் பொறுப்புதான். சிலைக்கண்ணின் பாவையைப் பல சிற்பிகள் குழியாகவே வெட்டுவார்கள். அதில் தங்கும் நிழல்தான் பார்வையாகிறது. அளவு மீறி இருளூட்டினால் குழியும் இமையும் ஒரே கருப்பாகி, கண் போய்விடும். வெண்கலத்தில் படிந்த பச்சைக் களிம்பும் சேறாகிவிடும்.

> வெண்பளிங்குச் சிலைக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும், ஆனால் எடுக்கும் முறை தலைகீழ். உச்சிவெயிலில் நெற்றி, மூக்குத்தண்டு, தோள் என்று வானத்தைப் பார்த்த இடங்களே முதலில் வெளிறும். அங்கே உளித்தடம் பதிவாகவே இல்லை. அதில் எவ்வளவு இருளூட்டினாலும் சாம்பல் திட்டுதான் கிடைக்கும். ஆகவே தோளைக் காப்பாற்றும் அளவுக்கு ஒளியேற்பைக் குறைத்து, நிழல் கருப்பதைப் பொறுத்துக்கொள்கிறோம். தெரிந்தே குறைக்கும் இதைக் "குறையேற்பு" என்று எழுதக் கூடாது. "ஒளியேற்பைக் குறைத்தல்" என்று வினையாகவே இருக்கட்டும்.

எனக்கு முடிவுக்கு வராதவை இருட்டறைக் காலத்துச் சொற்களான டாட்ஜிங்கும் பர்னிங்கும். புகைப்பட அச்சுத்தாளின் ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டிக் கருக்கச் செய்வது பர்னிங். திரையில் அதை "இட இருளூட்டல்" என்றால் போதும், "எரித்தல்" வேண்டவே வேண்டாம். டாட்ஜிங்குக்கு "ஒளிமறைப்பு" என்றால் தாளுக்குச் சரி, அங்கே ஒளியை மறைத்தால் அந்த இடம் வெளுக்கும். ஆனால் திரையில் மட்டுமே பழகியவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். இட ஒளியூட்டல் எனலாமா? அச்சுப்போட்ட அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.