டால்வின் சிங்கின் தபலாவில் ‘காலி’ எங்கே?

சுருதிப்பெட்டி:
நேற்று பிடித்த ஆல்பங்கள் இழையில் ஈஸ்ட்ஹாம் குமார் எழுதியது இது: “டால்வின் சிங்கின் ‘ஓகே’ ஆல்பத்தில் (1998) தபலா மரபு துளியும் குறையாமல் லண்டன் டிரம் அண்ட் பேஸுக்குள் வந்துவிட்டது.” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. துளியும் குறையாமலா? தபலாவில் அதிகம் வாசிக்கும் தாளமான தீன்தாலுக்கு 16 மாத்திரை, அதாவது 16 எண்ணிக்கை. 1, 5, 13-இல் தட்டு. 9-இல் கையை வீசுவோம். அதுதான் காலி. வீடு காலி என்கிறோமே, அதே சொல். அங்கே பாயான் என்ற இடது பக்கத் தபலாவின் கும்கி, அந்த ஆழ்ந்த ஒலி, அடங்கி, வலது கை மட்டும் பேசும். டிரம் அண்ட் பேஸ் வேகமான மின்னணு நடன இசை. அதன் அடியில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரம், ஓயாமல் ஓடுகிறது. அப்படியானால் காலி எங்கே?

ஈஸ்ட்ஹாம் குமார்:
தம்பி, டால்வின் லண்டனில் பிறந்து, பதின்ம வயதில் இந்தியா போய் பஞ்சாப் பாணித் தபலா கற்றவர். வாசிக்கத் தெரியாமல் கணினியில் வெட்டி ஒட்டிய ஆள் இல்லை. அப்போது லண்டன் ஹாக்ஸ்டனில் ப்ளூ நோட் கிளப்பில் திங்கள்கிழமைதோறும் அவருடைய ‘அனோகா’ இசை இரவு நடந்தது. அதே இடத்தில் ஞாயிறு இரவு கோல்டி குழுவின் டிரம் அண்ட் பேஸ். 1997-இல் நான் அங்கே நின்று கேட்டிருக்கிறேன். நம் பிள்ளைகள் தபலாவுக்கு ஆடியதை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். 1999-இல் பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு வாங்கியதும் ‘ஓகே’தான். ப்ளர், மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் மாதிரி பெரிய ராக் குழுக்கள் எல்லாரும் அந்தப் பரிசுப் பட்டியலில் இருந்தார்கள்.

சுருதிப்பெட்டி:
பரிசைப் பற்றி நான் கேட்கவே இல்லை. காலி எங்கே என்று கேட்டேன். அப்புறம், தம்பி என்று கூப்பிட வேண்டாம். 12 வருடம் தபலா கற்றிருக்கிறேன்.

வானம்பாடி:
‘மரபு’ என்றால் தாளக் கணக்கா, கற்கும் முறையா, வாசிக்கும் கையா? அதை முதலில் முடிவு செய்தால் பேசுவது எளிதாக இருக்கும்.

தொப்பித்தட்டு:
சுருதிப்பெட்டி சொன்னதிலேயே பிழை. 9-இல் கும்கி அடங்காது. டேக்கா என்பது தாளத்தைக் காட்டும் அடிப்படைச் சொற்கட்டு. பொதுவான டேக்காவில் 9-ஆவது சொல் ‘தா’, இரண்டு கையும் விழும். அடங்குவது 10 முதல் 13 வரை. 14-இல் திரும்ப வந்துவிடும். 12 வருடம் கற்றவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி:
9-ஐ ‘நா’ என்று, வலது கையால் மட்டும், வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். மிருதங்கக்காரரான நீங்கள் எனக்கு டேக்கா சொல்லித்தர வேண்டாம். சரி, 10 முதல் 13 என்றே வைத்துக்கொள்வோம். அந்த நான்கு மாத்திரையாவது அங்கே அடங்குகிறதா? நிமிடத்துக்கு 170 அடி என்றால் ஒரு ஆவர்த்தனம், அதாவது 16 மாத்திரையின் ஒரு முழுச் சுற்று, ஐந்தரை நொடிக்குக் கொஞ்சம் கூட. அதில் நான்கு மாத்திரை ஒன்றரை நொடிகூட வராது. அந்த ஒன்றரை நொடியை விட்டுக்கொடுக்க முடியவில்லை! கண்ணை மூடிக் கேட்டாலும் சுற்றில் எங்கே இருக்கிறோம் என்று காட்டுவது காலிதான். அது இல்லாமல் 16 வெறும் நாலு நாலாகப் போய்விடும்.

ஈஸ்ட்ஹாம் குமார்:
தனி வாசிக்கும்போது மட்டும் தபலாக்காரர் டேக்காவிலேயே நிற்கிறாரா? சாரங்கியோ ஹார்மோனியமோ லெஹரா என்ற ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் கணக்கைப் பிடித்துக்கொள்ளும், தபலா தன் போக்கில் போகும். இங்கே லெஹராவின் வேலையை பேஸ் செய்கிறது. இதில் என்ன குறைந்துவிட்டது?

சுருதிப்பெட்டி:
தன் போக்கிலா? ஒரு வரியை வைத்து விரித்துக்கொண்டே போகும் காயிதா வாசித்தாலும் அதே வரியைப் பாயானை மூடி இன்னொரு முறை வாசிக்கிறோம். கும்கியோடு வரும் பாதி பரி, அது இல்லாத பாதி காலி. டேக்காவை விட்டாலும் காலி விடாது. லெஹராவைச் சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது.

தொப்பித்தட்டு:
ஆதி தாளத்திலும் வீச்சு இருக்கிறது. அதற்காக நாங்கள் மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியை மூடுவதில்லை. தாளம் கையில் இருக்கும், வாசிப்பு சுதந்திரமாகப் போகும். உங்களுக்கு டேக்கா இல்லாமல் நடக்கத் தெரியவில்லை என்பதற்கு டால்வின் சிங் என்ன செய்வார்?

சுருதிப்பெட்டி:
ஆரம்பித்துவிட்டீர்களா? போன மாதம் மோர்சிங் இழையிலும் இப்படித்தான் ஹிந்துஸ்தானியைத் தட்டிவிட்டுப் போனீர்கள். அன்று கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை.

தொப்பித்தட்டு:
மோர்சிங் இழையில் பதில் சொன்னேன். படிக்காதது உங்கள் தவறு.

ஈஸ்ட்ஹாம் குமார்:
ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ‘டெபியூ’ ஆல்பத்தில் (1993) தபலா வாசித்ததும் இதே மனிதர்தான். நாங்கள் இங்கே பள்ளிக்கூடத்தில் கேலி வாங்கிய காலம் உங்களுக்குத் தெரியாது. அந்தச் சத்தம் வானொலியில் வந்தபோது எங்களுக்கு எப்படி இருந்தது என்பதை 16 மாத்திரையில் அளக்க முடியாது.

சுருதிப்பெட்டி:
உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியது உங்கள் பெருமையைப் பற்றி அல்ல. “துளியும் குறையாமல்” என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லை எடுங்கள், நான் போய்விடுகிறேன்.

ஈஸ்ட்ஹாம் குமார்:
எடுக்க மாட்டேன்.

வானம்பாடி:
நான் கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது.

சுருதிப்பெட்டி:
அப்படியானால் ஒரு பாட்டைச் சொல்லுங்கள் குமார். எந்த நிமிடம், எந்த நொடியில் பாயான் மூடுகிறது, அதோடு பேஸும் நிற்கிறது என்று குறித்துப் போடுங்கள். இன்று இரவு ஹெட்ஃபோன் போட்டு உட்காருகிறேன்.

தொப்பித்தட்டு:
10-இல் இருந்து கேளுங்கள். 9-இல் இருந்து இல்லை.