சர்க்கரை நோய்க்குக் குடல் நுண்ணுயிர் மாத்திரை போதுமா?

காத்ர் போர்ன் மகள்:
பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள என் தாயார், இங்கே மொரீஷியஸில் மருந்துக்கடை ஒன்றில், குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய மாத்திரை வாங்கி வந்து, இனி மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதாகக் கூறுகிறார். நம்பலாமா?

ரோஸ் ஹில் ஆசிரியர்:
மெட்ஃபார்மினை நிறுத்த விடாதீர்கள், சகோதரி. ஆனாலும் நுண்ணுயிர்களை ஒதுக்கிவிட முடியாது. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், ஜெஃப்ரி கார்டன் குழுவினர் பருத்த எலிகளின் குடல் நுண்ணுயிர்களை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் செலுத்தியபோது, மெலிந்த எலிகளின் நுண்ணுயிர்களைப் பெற்றவற்றைவிட அவற்றின் உடலில் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்தது. 2012இல் ஆம்ஸ்டர்டாமில், ஒல்லியானவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைப் பெற்ற பருமனான ஆண்களுக்கு, ஆறு வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. 2019இல் பெல்ஜியத்தில், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த அக்கர்மான்சியா என்ற நுண்ணுயிரை மூன்று மாதம் உட்கொண்டவர்களிடமும் அதே பலன் தெரிந்தது.

போர்ட் லூயி செவிலி:
ஐயா, அதே ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டதையும் சொல்லுங்கள்: பதினெட்டு வாரம் ஆனபோது அந்தப் பலன் மறைந்துவிட்டது. பெல்ஜிய ஆய்வை முடித்தவர்கள் 32 பேர்தான். எடைக்குறைவும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பல ஆண்டுகளாக மருந்து எடுக்கும் நோயாளிக்கு இவற்றை எப்படிப் பொருத்துவது? மாத்திரையை நம்பி மருந்தை விட்டவர்களின் ஆறாத கால் புண்ணுக்குக் கட்டுப் போடுபவள் நான்.

ரோஸ் ஹில் ஆசிரியர்:
உங்கள் கவலை நியாயமானது. மாத்திரையை நான் பரிந்துரைக்கவில்லை. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுங்கள் என்பதே என் வாதம். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கச் செய்து உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்கள், பசியையும் இன்சுலினையும் சீராக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைக் குடலில் சுரக்கத் தூண்டுகின்றன. 2018இல் வெளிவந்த சீன ஆய்வொன்றில், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கூடுதலாகக் குறைந்தது.

காத்ர் போர்ன் மகள்:
அம்மாவின் குறிப்பேட்டைப் புரட்டினேன். தைப்பூசக் காவடி விரதத்தின் பத்து நாளும், முருங்கைக்கீரையும் பருப்புமாக உண்டபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தே இருக்கிறது.

போர்ட் லூயி செவிலி:
அந்தப் பத்து நாளும் வெள்ளை ரொட்டியும் இனிப்பும் இல்லாதிருந்தால் அதுவே காரணமாகலாம். நுண்ணுயிர்களுக்குப் பெருமை சேர்க்க அது சான்றாகாது. கீரையைத் தொடரட்டும், தடையில்லை. மெட்ஃபார்மினும் தொடரட்டும், அந்தக் குறிப்பேட்டையும் மாத்திரை டப்பாவையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

காத்ர் போர்ன் மகள்:
செவ்வாய்க்கிழமை அழைத்துச் செல்கிறேன். இன்று காலை மெட்ஃபார்மினை என் கண்முன்னே விழுங்கினார்.