விவாதம்: 'சன்ஸ் ஆஃப் அனார்கி' காட்டும் பைக்கர் கிளப் அசலா, ஜோடனையா?

புல்லட் செந்தில்:

'சன்ஸ் ஆஃப் அனார்கி' ஏழு சீசனையும் ஒருவழியாகப் பார்த்து முடித்துவிட்டேன். இந்த இழையில் கதை முடிச்சுகள் பலதும் உடையும். இன்னும் பார்க்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளுங்கள்.

தொடர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2008 முதல் 2014 வரை அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனலில் வந்தது. உருவாக்கியவர் கர்ட் சட்டர். கலிஃபோர்னியாவில் சார்மிங் என்று ஒரு கற்பனை ஊர், அங்கே ஒரு மெக்கானிக் ஷெட், ஷெட்டின் மறைவில் துப்பாக்கி கடத்தும் ஒரு மோட்டார்சைக்கிள் கிளப். க்ளே தலைவர். அவர் மனைவி ஜெம்மாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த ஜாக்ஸ் துணைத்தலைவர்.

அவுட்லா பைக்கர்களை, அதாவது சட்டத்துக்கு அடங்காத மோட்டார்சைக்கிள் கிளப்காரர்களைப் பற்றி டிவியில் வந்தவற்றில் இதைவிட நிஜத்துக்குப் பக்கத்தில் போனது எதுவும் இல்லை என்பது என் கட்சி. கிளப் உறுப்பினர் ஹாப்பியாக நடித்த டேவிட் லப்ராவா, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற நிஜ பைக்கர் கிளப்பின் ஓக்லண்ட் கிளையில் இருந்தவர். ஆலோசகராக வந்துதான் நடிகரானார். அதே ஓக்லண்ட் கிளையைப் பல்லாண்டு நடத்திய சானி பார்ஜரே சிறைவாசியாகச் சில காட்சிகளில் தலைகாட்டுகிறார்.

சடங்குகளைப் பாருங்கள். சேர வருகிறவன் முதலில் கூடத் திரியணும், பிறகு 'ப்ராஸ்பெக்ட்' ஆகி எடுபிடி வேலை பார்க்கணும், நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஓடணும். எல்லாரும் சம்மதித்தால்தான் சட்டை முதுகில் முழு பேட்ச், அதாவது முழு உறுப்பினருக்கான கிளப் சின்னம். முதல் சீசனில் கைல் என்று ஒருவன் வருவான். கிளப்பிலிருந்து துரத்தப்பட்டும் முதுகில் குத்திய கிளப் பச்சையை அழிக்காமலே திரிந்தவன். தீயா, கத்தியா என்று அவனையே முடிவு செய்யச் சொல்கிறார்கள். தீ என்கிறான். ஷெட்டுக்குள் கூட்டிப்போய் ப்ளோ டார்ச்சால் முதுகைச் சுடுகிறார்கள். மிகை என்று நினைக்கவேண்டாம். நிஜ கிளப்களில் மரியாதையோடு விலகினால் பச்சைக்குக் கீழே விலகிய தேதியைக் குத்திக்கொள்வார்கள். கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டால் பச்சையை அழித்தாகணும், மறுத்தால் அவர்களே அழித்துவிடுவார்கள்.

கார்த்திகா:

செந்தில் அண்ணா, சட்டை சரி, பதவிப் பெயர்கள் சரி, பச்சை விஷயமும் சரி. ஆனால் தொடர் முழுக்க எதன் மேல் நிற்கிறதோ அந்த மேஜையை நான் நம்பவில்லை.

எபிசோடுக்கு ஒரு தடவையாவது எல்லாரும் அந்தச் செதுக்கிய மர மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். துப்பாக்கி விற்பதா, யாரைக் கொல்வது என்று ஒவ்வொருவரும் வாய்விட்டு ஓட்டுப் போடுகிறார்கள். தலைவர் சுத்தியலால் தட்டினால் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. அசல் கிளப்கள் இப்படி நடந்திருந்தால் அரசு வழக்கறிஞர்களுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

நீங்கள் சொன்ன பார்ஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் அவர் மீதும் ஓக்லண்ட் உறுப்பினர்கள் பலர் மீதும் ரீகோ என்ற அமெரிக்கக் குற்றக்கும்பல் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தது. கிளப் என்ற அமைப்பே குற்றத் தொழில் நடத்துகிறது என்று நிரூபித்தால்தான் அந்தச் சட்டம் பிடிக்கும். உறுப்பினர் சிலர் தப்பு செய்திருக்கலாம், கிளப்புக்கு அதில் பங்கில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. கூட்டக் குறிப்புகளில் போதைப்பொருள், துப்பாக்கி பற்றி ஒரு வரியைக்கூட அரசால் காட்ட முடியவில்லை என்று பார்ஜரே பின்னாளில் சொன்னார். தனி ஆளின் குற்றம் எது, கிளப்பின் குற்றம் எது என்று பிரிக்க முடியாமல் இருப்பதில்தான் இந்த கிளப்களின் பலமே இருக்கிறது. தொடர் அந்தச் சிக்கலை முதல் எபிசோடிலேயே அவிழ்த்துவிடுகிறது. பார்க்கிற நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அசல் உலகத்தில் அது யாருக்கும் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை.

புல்லட் செந்தில்:

1979 வழக்கைச் சொன்ன கார்த்திகா 1988ஐ விட்டுவிட்டார். அவுட்லாஸ் என்ற எதிரி கிளப்பின் இடத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்ததாக அதே பார்ஜருக்கு அந்த ஆண்டு தண்டனை கிடைத்தது. எப்படி மாட்டினார்கள்? உள்ளேயே இருந்த ஒரு உறுப்பினர் எஃப்பிஐக்காக உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு போனார். வாய்விட்டுப் பேசாமல் இருந்திருந்தால் எதைப் பதிவு செய்திருப்பார்? பேச்சு நடந்தது. மேஜையும் சுத்தியலும் கண்ணுக்குத் தெரிவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். இருட்டில் இரண்டு பேர் முணுமுணுப்பதை ஏழு சீசன் காட்டமுடியாது.

ராஜ்தூத் ரவி:

கதையைக் கதையாகப் பார்த்தால் போதாதா? ஹார்லி டைனா வண்டிகள் வரிசையாக ஹைவேயில் போகும் காட்சிக்காகவே நான் பார்த்தேன். அது பிடித்திருந்தது. மற்றது எழுத்தாளர் இஷ்டம்.

கார்த்திகா:

ரவி, தங்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில் அந்த கிளப்களுக்கே எவ்வளவு அக்கறை என்று பாருங்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தன் பெயரையும் சிறகு முளைத்த மண்டையோட்டுச் சின்னத்தையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஒரு படத்தில் அனுமதி இல்லாமல் பயன்படுத்தப் பார்த்ததாக 2006இல் டிஸ்னி மேலேயே வழக்குப் போட்டார்கள். 2010இல் ஒரு ஃபேஷன் நிறுவனத்தின் மேல். இவ்வளவு தூரம் போகிறவர்கள் ஒரு தொடரில் தங்கள் ஆள் ஆலோசகராக இருப்பதைப் பெருமையாக ஏற்கிறார்கள் என்றால், அந்தத் தொடர் அவர்களுக்குச் சங்கடம் தரவில்லை என்று அர்த்தம். செந்தில் அண்ணா இதை உண்மைத்தன்மைக்குச் சாட்சி என்கிறார். எனக்கு அதுவேதான் சந்தேகம் தருகிறது.

மொன்றியல் குமரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மொன்றியலில கன வருசமா இருக்கிறன். இந்த விசயம் எங்களுக்கு டிவியில வந்த கதை இல்லை.

1994இல இருந்து 2002 வரைக்கும் கியூபெக்கில ஹெல்ஸ் ஏஞ்சல்சும் ரொக் மெஷின் எண்ட எதிரி கிளப்பும் அடிபட்டவை. 160 பேருக்கு மேல செத்தவை. ஏன் எண்டு கேட்டால், மொன்றியல் தெருவில கொக்கெய்ன் ஆர் விக்கிறது எண்டதுக்காக. தொடரில வாற மாதிரி ஜாக்சின்ர அப்பா எழுதி வைச்ச காகிதம், கிளப்பின்ர ஆத்மா, அப்பிடி ஒண்டும் இல்லை. 1995 ஓகஸ்ட் மாசம் ஒரு ஜீப்புக்கு வைச்ச குண்டு வெடிச்சு, தெருவில நிண்ட 11 வயசுப் பொடியன்ர தலையில துண்டு பாய்ஞ்சு நாலு நாளில செத்துப்போனான். 1997இல ரெண்டு சிறைக் காவலர்களைச் சுட்டவை. அவை ஆரையும் பகைச்ச ஆக்கள் இல்லை. நீதித்துறையை வெருட்டுறதுக்காகக் கண்டபடி தெரிஞ்சு எடுத்த ஆக்கள். இதைப் பற்றி எழுதின பத்திரிகையாளர் மிஷேல் ஓஜேக்கு 2000இல அலுவலகக் கார் தரிப்பிடத்தில வைச்சு ஆறு வெடி. ஆள் தப்பினது பெரிய காரியம்.

செந்தில் அண்ணை சடங்கு, பேட்ச் எண்டு கதைக்கேக்க எனக்கு 1985 ஞாபகம் வருது. லெனொக்ஸ்வில் எண்ட இடத்தில இருந்த கிளப் வீட்டுக்குக் கூப்பிட்டு, தங்கட சொந்த ஆக்கள் அஞ்சு பேரைச் சுட்டு, படுக்கைப் பைக்குள்ள கட்டி சென் லோரன்ஸ் ஆத்துக்குள்ள போட்டவை. சரக்கைத் தாங்களே அடிச்சு முடிக்கினம், காசு ஒழுங்கா வரேல்லை எண்டதுதான் குற்றச்சாட்டு. 2006இல ஒன்டாரியோவில ஷெடன் எண்ட ஊருக்குப் பக்கத்தில பண்டிடோஸ் கிளப்காரர் எட்டுப் பேரின்ர உடம்பு வயலில நிண்ட வாகனங்களுக்குள்ள கிடந்தது. கொன்றதும் பண்டிடோஸ்காரர்தான்.

புல்லட் செந்தில்:

குமரன், அந்தச் சிறுவனைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. தொடரில் ரத்தம் அதிகம் என்றுதான் பலரும் குறை சொல்கிறார்கள். 1996 அக்டோபரில் கோபன்ஹேகனில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கட்டடத்தின் மீது பண்டிடோஸ் தரப்பு டாங்கி எதிர்ப்பு ராக்கெட்டையே விட்டது. இரண்டு பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு சமாதானம் ஆனபோது இரண்டு கிளப் தலைவர்களும் கைகுலுக்கியதை டென்மார்க் டிவி ஒளிபரப்பியது. இதை ஒரு எழுத்தாளர் தானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால் நம் இழையிலேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்போம்.

சொந்த ஆளையே கொல்வதும் தொடரில் இருக்கிறது. போலீசுக்குத் துப்புக் கொடுக்கிறான் என்று தப்பாக எண்ணி, ஜாக்சின் நண்பனும் கிளப் உறுப்பினனுமான ஓப்பியைத் தீர்க்கச் சொல்கிறார் க்ளே. அன்று அவன் வண்டியை ஓட்டிவந்த அவன் மனைவி டொனா செத்துப்போகிறாள். மறைத்தார்களா? முதல் சீசனே அதில்தான் முடிகிறது.

அட்வகேட் முரளி:

இரண்டு தரப்பும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். தொடரில் நீதிமன்றம் எங்கே?

2015 மே 17, டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரம். ஒரு உணவகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பண்டிடோஸ், கொசாக்ஸ் என்ற இரண்டு கிளப் ஆட்களுக்குள் சண்டை மூண்டது. முதுகில் கீழ்ப்பட்டையில் 'டெக்சாஸ்' என்று போட்டுக்கொள்ளும் உரிமை யாருக்கு என்பது பகையின் வேர்களில் ஒன்று. சண்டை வரலாம் என்று முன்பே தெரிந்து போலீஸ் வெளியே காத்திருந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் உடலில் போலீஸ் வைத்திருந்த ரைஃபிள் ரகக் குண்டுகள் பாய்ந்திருந்தன. 177 பேர் கைது. பெயரை மட்டும் மாற்றி நிரப்பிய ஒரே மாதிரியான பிரமாணப் பத்திரம், ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் ஜாமீன் தொகை. கைதானவர்களில் பலர் எந்தத் துப்பாக்கியையும் தொடாதவர்கள். வேலை போனது, குடும்பம் பிரிந்தது என்று பிறகு சொன்னார்கள். ஒரே ஒரு வழக்குத்தான் விசாரணைக்குப் போனது, அதிலும் ஜூரிகள் முடிவுக்கு வரவில்லை. 2019இல் மிச்சமிருந்த எல்லா வழக்குகளையும் கைவிட்டார்கள். ஒன்பது உயிர் போயும் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

போலீசின் மறைமுக நடவடிக்கைகளுக்கும் இதே கதிதான். ஜே டோபின்ஸ் என்ற ஏடிஎஃப் (துப்பாக்கி, வெடிபொருள் குற்றங்களைக் கவனிக்கும் அமெரிக்க மத்திய அமைப்பு) அதிகாரி அரிசோனாவில் பைக்கராக வேஷம் போட்டு ஹெல்ஸ் ஏஞ்சல்சுக்குள் புகுந்தார். நம்பிக்கை பெறுவதற்காக மாங்கோல்ஸ் கிளப் ஆள் ஒருவரைக் கொன்றதாக ரத்தம் தோய்ந்த சட்டையோடு ஒரு பொய்க் கொலையையே ஜோடித்தார்கள். இவ்வளவு செய்தும் அரசுத் தரப்புக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்து கடுமையான குற்றச்சாட்டுகள் பல கைவிடப்பட்டன. சட்டர் காட்டும் ஏடிஎஃப் அதிகாரி ஸ்டால், தன் கூட்டாளியையே சுட்டுக் கொல்லும் அரக்கி. அசலில் நடந்தது இழுபறியும் கோப்புச் சண்டையும். போலீசையும் கிளப்பையும் ஒரே அளவுக்கு மிகைப்படுத்தினால் இரண்டின் உண்மையும் போய்விடுகிறது.

கார்த்திகா:

முரளி சார், வேக்கோவைச் சொன்னதற்கு நன்றி. ஒரு சேர்க்கை: அங்கே கைதானவர்கள் போலீசின் கதையால் பாதிக்கப்பட்டவர்கள். பைக்கர் சட்டை போட்ட எல்லாரும் கொலைகாரர்கள் என்று பொதுமக்கள் நம்பத் தயாராக இருந்ததில் இத்தகைய தொடர்களுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். செந்தில் அண்ணா, 'அசல்' என்ற பெயரோடு ஒன்று வந்தால் அதன் பொய்யும் அசலாகவே போய்ச் சேரும்.

ஜெம்மா விஷயமும் இருக்கிறது. கூட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை, ஓட்டில்லை என்பது வரை தொடர் சரி. ஆனால் தலைவரின் மனைவி ஊரையே ஆட்டிவைக்கிறாள் என்று காட்டியதில், இன்னாரின் சொத்து என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்களின் நிலைமை பின்னால் போய்விட்டது.

புல்லட் செந்தில்:

வேக்கோ போலீஸ் செய்ததற்கு சட்டர் பொறுப்பில்லை. அந்தப் பயம் 1947இல் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஊரில் பைக்கர்கள் செய்த கலாட்டாவைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. கறுப்பினத்தவரைச் சேர்க்காத விதியை மறைக்காமல் காட்டி, கடைசி சீசனில் அதை உடைப்பதற்கே ஓட்டெடுப்பு வைத்த தொடர் இது. மேஜை இல்லாமல் அந்தக் காட்சியை எப்படி எடுப்பது?

மொன்றியல் குமரன்:

அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். டொனா செத்த பிறகு அவளின்ர ரெண்டு பிள்ளையளையும் எத்தனை தரம் காட்டினவை? ஓப்பியின்ர துக்கத்தைக் காட்டினவை, ஜாக்சின்ர குற்ற உணர்ச்சியைக் காட்டினவை. சுட்டவனுக்காகவும் எங்களை அழ வைச்சவை. இஞ்ச அந்தப் பொடியன்ர தாய் ஊர் ஊராப் போய்க் கதைச்சு, கையெழுத்து வாங்கி, சட்டம் வேணும் எண்டு நிண்டவ. 1997இல கனடாவில குற்றக் கும்பல்களுக்கு எதிரான சட்டம் வந்ததுக்கு அவவும் ஒரு காரணம். அப்பிடி ஒரு மனுசியை ஏழு சீசனிலயும் நான் காணேல்லை.

புல்லட் செந்தில்:

பிள்ளைகளைக் குறைவாகத்தான் காட்டினார்கள், அதில் வாதமில்லை. ஆனால் இது கிளப்புக்குள் நின்று சொல்லப்பட்ட கதை. உள்ளே இருப்பவன் கண்ணுக்கு வெளியே இருப்பவர்கள் தெரிவதில்லை. அந்தக் குருட்டுத்தனத்தைத்தான் நான் நிஜம் என்கிறேன்.

கார்த்திகா:

அந்தக் குருட்டுத்தனம் ஜாக்சுடையது என்றால் ஒத்துக்கொள்வேன். கேமராவுக்கும் அதே குருட்டுத்தனம் இருந்தால் அது எழுத்தாளர் எடுத்த முடிவு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 2012இல் ஆஸ்திரேலியாவில் 'பைக்கி வார்ஸ்' என்று ஆறு எபிசோட் தொடர் வந்தது. 1984 செப்டம்பர் 2, தந்தையர் தினத்தன்று சிட்னியின் மில்பெர்ராவில் கொமான்சேரோவும் பண்டிடோசும் மோதியதைப் பற்றியது. ஒரு மதுக்கடையின் வண்டி நிறுத்துமிடம், பைக் உதிரிபாகச் சந்தைக்கு வந்த கூட்டம், ஏழு சாவு. அதில் ஒருத்தி எந்த கிளப்பிலும் இல்லாத 14 வயதுச் சிறுமி. ஒரே கிளப்பாக இருந்தவர்கள் பிரிந்து ஓராண்டுக்குள் அந்த இடத்துக்கு எப்படி வந்து நின்றார்கள் என்பதுதான் கதை. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள் அண்ணா. அந்தச் சிறுமியை அங்கே எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதிலிருந்து மேலே பேசலாம்.

புல்லட் செந்தில்:

சரி, அடுத்து அதுதான். பார்த்துவிட்டு இதே இழையில் எழுதுகிறேன். மேஜை விஷயத்தில் மட்டும் என் கட்சி மாறாது.